எவோ 9-க்குப் பெரிய டர்போ: ஸ்டாக் ஈசியூவே போதுமா, ஸ்டாண்டலோன் போடணுமா?

#1 தாமான்_எவோ (ஜொகூர் பாரு)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன். இப்பதான் முதல் இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

காடி (கார்) 2006 மிட்சுபிஷி லேன்சர் எவோ 9, ரீகானா (யூஸ்டு இறக்குமதி) வாங்கினது. 4ஜி63 எஞ்சின், உள்ள எதையும் தொறக்கல. இப்போதைக்கு ஸ்டாக் (கம்பெனில வந்த) டர்போ, மாத்தின எக்ஸாஸ்ட், பெட்ரோல் பம்ப், ஸ்டாக் ஈசியூலயே (எஞ்சினை நடத்தற கம்ப்யூட்டர் பெட்டி) ரீஃப்ளாஷ், அதாவது உள்ள நம்பரை மட்டும் மாத்தி எழுதினது. டைனோல (பவர் அளக்கற மெஷின்) சக்கரத்துக்கு 280 குதிரை. உச்சத்துல இன்ஜெக்டர் (பெட்ரோல் பீச்சற மூக்கு) டியூட்டி, அதாவது அது தொறந்தே இருக்கற நேரம், 93 சதவீதம் காட்டுது. ஸ்டாக் 560 சிசி இன்ஜெக்டர்ல இதுக்கு மேல இடமில்ல.

காடி லோன் முடிஞ்ச அதே மாசம் 3076 டர்போ ஒண்ணும் 1000 சிசி இன்ஜெக்டர் நாலும் வாங்கிட்டேன் (வீட்டுல இன்னும் சொல்லல). சக்கரத்துக்கு 450 வந்தா போதும். தினம் ஸ்கூடாய் ரோடு ஜாம்ல வேலைக்குப் போற காடி, வருஷத்துல நாலஞ்சு தடவை செப்பாங் ரேஸ் டிராக்.

மூணு வொர்க்‌ஷாப்புல கேட்டேன். முதல் ஆள், "ஸ்டாக் ஈசியூவா, கழட்டித் தூக்கிப் போடு"ன்னார். ரெண்டாவது ஆள், "ஸ்டாக்லயே 500 வரைக்கும் பண்ணித் தரேன்"னார். மூணாவது ஆள் ஒண்ணுமே கேக்கல. பிளக்-இன் ஸ்டாண்டலோன் (ஸ்டாக் பெட்டிக்குப் பதிலா அதே கனெக்டர்ல மாட்டற தனி ஈசியூ), டியூன் எல்லாம் சேர்த்து 12,000 ரிங்கிட்னு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டார்.

யார் பேச்சைக் கேக்கறது?

#2 ஈப்போ_ஜிஎஸ்ஆர் (ஈப்போ)

ஸ்டாண்டலோன் போடு பாஸ். முடிஞ்சது கதை. என் புரோட்டான் வீராவுல, ஹாஃப்-கட்ல (வெட்டி வர்ற பழைய காரோட முன்பாதி) இருந்து எடுத்த 4ஜி93 டர்போ எஞ்சினுக்கு ஆறு வருஷமா அதுதான் ஓடுது. ஸ்டாக் பெட்டிய நோண்டிட்டு இருக்கறது வாடகை வீட்டுக்குச் செலவு பண்ற மாதிரி.

#3 செட்டிபாளையத்தான் (கோயம்புத்தூர்)

ஏனுங்க, எந்தப் பெட்டின்னு கேக்கறதுக்கு முன்னாடி, டியூன் பண்ணப்போற ஆள் யாருங்க? அவருக்கு எது கைவந்ததோ அதுதான் உங்களுக்கு நல்ல ஈசியூ. நான் பாத்த வரைக்கும் எஞ்சினைக் கெடுத்தது பெட்டி இல்லீங்க, பெட்டிக்குள்ள அவசரமா எழுதின நம்பர்தான். எங்கூர் கரி டிராக்குல மெகாஸ்குவர்ட்ல (விலை கம்மியான ஒரு ஸ்டாண்டலோன்) அருமையா ஓடற வண்டியும் பாத்திருக்கேன். அஞ்சு மடங்கு விலையுள்ள பெட்டிய மாட்டிட்டு காலைல ஸ்டார்ட் ஆகாம தள்ளிட்டு வந்த வண்டியும் பாத்திருக்கேன்.

#4 கேலிப்_பையன் (சென்னை)

கேலிப்ரேஷன்தான் என் பிழைப்பு. ஒரு கார் கம்பெனிக்காக இந்த நம்பர்களைத்தான் நாள் முழுக்க எழுதறேன், அதனால என் பேச்சுல கொஞ்சம் சாய்வு இருக்கும்.

முதல்ல கணக்கு. டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குதிரைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 6.3 சிசி பெட்ரோல் வேணும். சக்கரத்துல 280-ன்னா கிராங்க்ல 330 சொச்சம்னு வெச்சுக்கலாம். 330-ஐ 6.3-ஆல பெருக்கி நாலு இன்ஜெக்டருக்குப் பிரிச்சா ஒண்ணுக்கு 520 சிசி. அதை 560-ஆல வகுத்தா நீங்க சொன்ன அதே 93 சதவீதம். உங்க லாக் (பெட்டி எழுதி வெச்ச பதிவு) பொய் சொல்லல. 450-க்கு கிராங்க்ல 530 வேணும். அப்போ ஒரு இன்ஜெக்டருக்கு 835 சிசி. 1000 சிசில 84 சதவீத டியூட்டி. சரியான சைஸ்தான் வாங்கியிருக்கீங்க.

தலைவலி மேல வராது, கீழதான் வரும். ஐடில்ல (ஆக்சிலரேட்டர் மிதிக்காம எஞ்சின் ஓடும்போது) ஒரு சிலிண்டருக்கு இந்த 1000 சிசி இன்ஜெக்டர் நிஜமா பெட்ரோல் விடற நேரம் ஒரு மில்லி செகண்டை ஒட்டித்தான். தொறக்கத் தாமதமாகற நேரம், அதான் டெட் டைம், அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே. பேட்டரி வோல்டேஜ் இறங்கினா அது இன்னும் நீளும். அந்த அட்டவணையில 0.1 மில்லி செகண்ட் தப்பானா பெட்ரோல்-காத்து கலவை ஒன்பது, பத்து சதவீதம் தள்ளிப்போகும். ஏசி கம்ப்ரஸர் விழும்போதும் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போதும் ஐடில் தடுமாறுதேன்னு நிறையப் பேர் புலம்பறது இதனாலதான். இது ஸ்டாக் பெட்டியானாலும் ஒண்ணுதான், ஸ்டாண்டலோன் ஆனாலும் ஒண்ணுதான்.

இப்போ ஸ்டாக்குக்காகக் கொஞ்சம் வாதாடறேன். கம்பெனில ஒரு மாடலுக்குக் கோடையில ராஜஸ்தான், குளிர்ல லடாக்னு வண்டியை எடுத்துட்டுப் போவோம். ராத்திரி முழுக்க வெளிய குளிர்ல நிறுத்தி வெச்சு காலைல ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவோம். சரியில்லன்னா நம்பரை மாத்திட்டு அடுத்த நாள் காலை வரைக்கும் காத்திருக்கணும், ஏன்னா எஞ்சின் ஒரு தடவை சூடாயிட்டா அன்னிக்கு சோதனை முடிஞ்சது. மிட்சுபிஷி அந்த 4ஜி63-க்கும் அப்படித்தான் உழைச்சிருப்பாங்க. ரீஃப்ளாஷ் பண்ணும்போது அந்த உழைப்பு அப்படியே உங்ககிட்ட தங்குது. நீங்க மாத்தறது சில அட்டவணைகளை மட்டும். ஸ்டாண்டலோன்ல அது எல்லாத்தையும் வேற ஒருத்தர் திரும்ப எழுதணும். 12,000 ரிங்கிட்ல அவர் எத்தனை குளிர்ந்த காலைகளை உங்க காருக்காக ஒதுக்குவார்னு கேட்டுப் பாருங்க. டைனோவுல ஒரு மதியம்தான் ஒதுக்குவார்.

#5 பாக்ஸர்_மெல்பர்ன் (மெல்பர்ன்)

கேலிப் தம்பி சொல்லுறது எல்லாம் எனக்கு விளங்குது. ஆனா ஒண்டை விட்டுட்டார்.

என்ர கார் 2007 சுபாரு எஸ்டிஐ, எஞ்சின் இஜே257. அந்த எஞ்சினிலை பிஸ்டன் வளையங்களுக்கு இடையில இருக்கிற மேடு உடையிறது சுபாரு வைச்சிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்கும் உடைஞ்சது. அப்ப ஸ்டாக் ஈசியூவிலை நல்ல டியூன்தான் இருந்தது, டியூன் செய்த பெடியனிலை பிழை இல்லை. பெட்ரோல் பம்புக்குப் போற வயரின்ர கனெக்டர் சூட்டிலை இளகிப் போச்சு. அதாலை 6,000 ஆர்பிஎம்முக்கு மேலை அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு. முழு பூஸ்ட்டிலை (டர்போ முழு அழுத்தத்திலை காத்தைத் தள்ளேக்க) ஸ்டாக் ஈசியூ கலவையைத் திருத்தாது, அட்டவணையிலை இருக்கிற நம்பரை நம்பி ஊத்தும். பெட்ரோல் அழுத்தம் பார்க்கிற சென்சாரே அதிலை இல்லை. பிறகு எப்பிடி அதுக்குத் தெரியும்?

ரெண்டாவது எஞ்சினுக்கு பிளக்-இன் ஸ்டாண்டலோன் போட்டன். பெட்ரோல் அழுத்தம், எண்ணெய் அழுத்தம், வைட்பேண்ட் (கலவையை அளக்கிற சென்சார்) மூண்டும் அதுக்குள்ளயே. போன வருசம் டிராக்கிலை நேர்ப்பாதையிலை எஞ்சின் டக்கெண்டு வெட்டிச்சுது. எனக்கு சரியான கோவம். பிட்டுக்கு வந்து லாக்கைப் பார்த்தா பெட்ரோல் ஃபில்டர் அடைச்சு அழுத்தம் விழுந்திருக்கு. 40 டொலர் ஃபில்டர். எஞ்சின் தப்பிச்சுது.

எனக்கு ஈ85-ம் (எத்தனோல் நிறையக் கலந்த பெட்ரோல்) வேணும். அதுக்கு பெட்ரோலைவிட மூண்டிலை ஒரு பங்குக்கு மேலை கூட ஊத்தவேணும். டாங்கிலை எவ்வளவு எத்தனோல் கலந்திருக்கெண்டு சென்சார் சொல்ல, பெட்டி தானே மேப்பை (நம்பர் அட்டவணையை) மாத்தும். மலேசியாவிலை உங்களுக்கு அந்தத் தேவை இல்லைத்தானே, அதை விடுங்கோ. ஆனா அழுத்த சென்சார் கதையை விடாதேங்கோ.

#6 கேலிப்_பையன்

நியாயமான பேச்சு அண்ணா, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. தொழிற்சாலைல இருந்து வர்ற பெட்டி, ஹார்டுவேர் தொழிற்சாலையில இருந்த மாதிரியே இருக்கும்னு நம்பித்தான் எழுதினது. பம்பையும் டர்போவையும் நாம மாத்தினதும் அந்த நம்பிக்கை போயிடுது.

ஆனா நாக் (சிலிண்டருக்குள்ள பெட்ரோல் கட்டுப்பாடில்லாம தானா வெடிக்கறது) விஷயத்துல எதிர்ப்பக்கம் பேசியே ஆகணும். ஈப்போ அண்ணே, உங்க ஸ்டாண்டலோன்ல நாக் கன்ட்ரோல் ஓடுதா? "இருக்கு"ன்னு சொல்லாதீங்க. அதை யாராவது அந்த எஞ்சினுக்குப் பொருத்தி அமைச்சாங்களா?

#7 ஈப்போ_ஜிஎஸ்ஆர்

சரி, மாட்டிக்கிட்டேன். சொல்லிடறேன்.

இப்ப ஓடறது ரெண்டாவது எஞ்சின். முதல் எஞ்சினுக்கு டியூன் பண்ணின போமன் (மெக்கானிக்) டைனோல நாலு தடவை இழுத்தார், நம்பர் நல்லா வந்துச்சு, கைகுலுக்கி அனுப்பிட்டார். மூணு வாரம் கழிச்சு நான்தான் சும்மா பிளக்கைக் கழட்டிப் பாத்தேன். மூணாவது சிலிண்டர் பிளக்கோட வெள்ளைப் பீங்கான்ல மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளிப் புள்ளியா. பக்கத்துல வெச்சுப் பாத்தா கறுப்பு இல்ல, பளபளன்னு மின்னுது. அலுமினியம். என் பிஸ்டன்தான் அது.

நாக் சென்சார் வயர் பெட்டி வரைக்கும் போயிருந்துச்சு. உள்ள செட்டிங் எல்லாம் ஃபேக்டரி பூஜ்ஜியம். என்ன அலைவரிசையில கேக்கணும்னு கூட யாரும் போடல.

அதுக்காக ஸ்டாண்டலோன் மோசம்னு ஒத்துக்க மாட்டேன். ஆள் மோசம்.

#8 செட்டிபாளையத்தான்

அதைத்தானுங்க நான் மூணாவது பதிவுல சொன்னேன்.

#9 கேலிப்_பையன்

அலைவரிசையைக் கையாலயே போட்டுப் பாக்கலாம். 900-ஐ பை-ஆலயும் சிலிண்டர் ஆரத்தாலயும் வகுத்தா கிலோஹெர்ட்ஸ்ல விடை வரும். 4ஜி63-க்கு விட்டம் 85 மில்லிமீட்டர், ஆரம் 42.5. கிட்டத்தட்ட 6.7 கிலோஹெர்ட்ஸ். அங்க எஞ்சின் இரைச்சல் ஜாஸ்தியா இருந்தா ரெண்டு மடங்கு, 13.5 பக்கம் கேட்டுப் பாப்பாங்க. இது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். அப்புறம் ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் நாக் இல்லாதப்போ எவ்வளவு இரைச்சல் வருதுன்னு பதிவு பண்ணி, அதுக்கு மேல கோடு கிழிக்கணும். பொறுமையான ஆளுக்கே அரை நாள் வேலை.

எவோ ஸ்டாக் பெட்டில இது பண்ணியே வருது. நாக் கேட்டா 'நாக் சம்'னு ஒரு எண்ணிக்கை ஏறும். மூணு எண்ணிக்கைக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி டைமிங்கைப் (ஸ்பார்க் விடற நேரத்தை) பின்னுக்கு இழுக்கும். விடாம கேட்டுக்கிட்டே இருந்தா ஹை ஆக்டேன் மேப்பை (நல்ல பெட்ரோலுக்கான அட்டவணை) விட்டு லோ ஆக்டேன் மேப் (மட்டமான பெட்ரோலுக்கானது) பக்கம் மெதுவா நகரும். தாமான் அண்ணே, உங்க ரீஃப்ளாஷ் ஃபைல்ல ஒண்ணு பாருங்க: அந்த ரெண்டு மேப்புலயும் ஒரே நம்பர் இருக்கா? பவர் குறையக் கூடாதுன்னு ஹை மேப்பை அப்படியே லோ மேப்புல ஒட்டிவிடற டியூனர்கள் இருக்காங்க. அப்போ பெட்டி பயந்து ஓடினாலும் போய் ஒளிய இடமிருக்காது. ஸ்டாக் ஈசியூவோட பெரிய லாபமே அங்க காலியாயிடும்.

#10 தாமான்_எவோ

ஈசியூஃபிளாஷ் சாஃப்ட்வேர்ல ஃபைலைத் தொறந்து பாத்தேன். லோ மேப் தனியாத்தான் இருக்கு, அஞ்சாறு டிகிரி கம்மி. அப்பாடா. போன வருஷம் அவசரத்துக்கு ஒரு தடவை 95 ஆக்டேன் பெட்ரோல் ஊத்தினப்ப காடி சோம்பலா இருந்துச்சு, இப்பதான் காரணம் புரியுது. அதுக்கப்புறம் எப்பவும் 97-தான்.

ஆனா நேத்து ராத்திரி ஹைவேல மூணாவது கியர்ல ஒரு லாக் எடுத்தேன், அதைப் பாத்ததுல இருந்து தூக்கமில்ல. 3,500-ல நாக் சம் 0. 4,500-ல 1. 5,200-ல திடீர்னு 9. 5,600-ல 11. அதுக்கு மேல 6,500-ல திரும்ப 2. டைமிங் நாலு டிகிரி பின்னால போயிருக்கு. வைட்பேண்ட்ல கலவை 11.3, பூஸ்ட் அதே பழைய பூஸ்ட். புது டர்போ இன்னும் பெட்டிலதான் இருக்கு, அதுக்குள்ள இப்படியா?

#11 பாக்ஸர்_மெல்பர்ன்

ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மிலை மட்டும் வந்து போகுதோ? உண்மையான நாக்காயும் இருக்கலாம், ஆனா எனக்குச் சந்தேகம். ஏதோ ஒரு தகரம் ஆடுது. காரைத் தூக்கி, ரப்பர் சுத்தியலாலை எக்ஸாஸ்ட்டைத் தட்டிப் பாருங்கோ.

#12 போலோ_பாண்டி (மதுரை)

இடையில புகுறதுக்கு மன்னிக்கணும் அண்ணன்களா. எனக்கு 1.0 டிஎஸ்ஐ போலோ, 110 பிஎஸ். இதுக்கும் ஸ்டாண்டலோன் போடலாமா? இல்ல ஆன்லைன்ல விக்கிற டியூனிங் பாக்ஸ் போதுமா?

#13 செட்டிபாளையத்தான்

தம்பி, உங்களுக்கு இந்தக் குழப்பமே தேவையில்லீங்க. உங்க எஞ்சின் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நூறு பாருக்கும் மேல அழுத்தத்துல நேரா சிலிண்டருக்குள்ள பாயுது. அந்த இன்ஜெக்டரைத் தொறக்கறதுக்கே தனி மின்சுற்று வேணும், அது உள்ள ஸ்டாண்டலோன் ரொம்பக் கம்மி, விலையைக் கேட்டா இன்னொரு போலோவே வாங்கிரலாம். போதாததுக்கு ஏபிஎஸ், இம்மொபிலைசர், மீட்டர் எல்லாம் ஒரே வயர்ல பேசிக்கிட்டு இருக்கு. ஈசியூவைக் கழட்டினா மத்ததெல்லாம் பேச்சை நிறுத்தீரும்.

அந்தப் பெட்டி யோசிக்கிற விதமே வேற. நீங்க ஆக்சிலரேட்டரை மிதிச்சா அது "எவ்வளவு டார்க் கேக்கறாங்க"ன்னு கணக்குப் போடும். கணக்கை விட ஜாஸ்தி வந்தா தானாவே த்ராட்டிலை மூடும். அதனால பூஸ்ட்டை மட்டும் ஏத்தினா வண்டி உங்களையே எதிர்த்து நிக்கும். டார்க் வரம்புகளையும் சேர்த்து மாத்தற ஒழுங்கான ரீமேப்தான் வழி. டியூனிங் பாக்ஸ் பண்றது பூஸ்ட் சென்சாருக்கு நடுவுல உக்காந்து "பூஸ்ட் கம்மியாத்தான் இருக்கு"ன்னு ஈசியூகிட்ட பொய் சொல்றது. எனக்கு அது புடிக்கறதில்லீங்க. வாரண்டியையும் யோசிங்க, ஆர்டிஓவையும் யோசிங்க.

#14 தாமான்_எவோ

பாக்ஸர் அண்ணே, கால்ல விழறேன்!

டவுன்பைப் (டர்போவுல இருந்து புகை இறங்கற குழாய்) மேல இருக்கற ஹீட் ஷீல்டு, அதான் சூடு தடுக்கற தகரம். ஒரு போல்ட் கழண்டு எங்கயோ விழுந்துடுச்சு, இன்னொண்ணு விரல்ல சுத்தினாலே சுத்துது. தட்டினா 'ஙிண்ண்ண்'ன்னு கோயில் மணி மாதிரி. வாஷர் வெச்சு இறுக்கிட்டு அதே ரோடு, அதே கியர்ல போனேன். 5,200-ல நாக் சம் 1.

நாலு டிகிரி டைமிங்கை ஒரு போல்ட் தின்னுருக்கு.

#15 ஈப்போ_ஜிஎஸ்ஆர்

பாத்தியா, உன் ஸ்டாக் பெட்டி தகரச் சத்தத்துக்கே பயந்து ஓடுது. இதுக்குத்தான் சொல்றேன்.

#16 கேலிப்_பையன்

தகரத்துக்குப் பயப்படறது பரவால்ல அண்ணே. பிஸ்டன் போறது தெரியாம சிரிச்சுக்கிட்டு இருக்கறதுதான் மோசம்.

தாமான் அண்ணே, நாளைக்கு எஞ்சினைத் தொறந்து ஃபோர்ஜ்டு (அடிச்சு உருவாக்கின, பலமான) பிஸ்டன் போட்டீங்கன்னா கதை மாறும். அது குளிர்ல லொடலொடன்னு சத்தம் போடும், ஸ்டாக் பெட்டி அதையும் நாக்னு நினைக்கலாம். அப்போ ஸ்டாண்டலோன் பத்தி நானே பேசறேன். இப்போ உங்க முன்னால நிக்கற தடை வேற, ஏர்ஃப்ளோ மீட்டர். அது காத்துல உண்டாகற சுழல்களை எண்ணிக் கணக்குச் சொல்ற ரகம். 3076 இழுக்கற அளவுக்குக் காத்து போனா உச்சத்துல எண்ணிக்கை தடுமாறும். அதுக்கு ஆர்வலர்கள் எழுதின ஸ்பீட் டென்சிட்டி பேட்ச் இருக்கு. 4 பார் மேப் சென்சார் (எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தம் பாக்கறது, இது அட்டவணை மேப் இல்ல) மாட்டிட்டு, அழுத்தத்தையும் வெப்பத்தையும் வெச்சு ஸ்டாக் பெட்டியே காத்தைக் கணக்குப் போட்டுக்கும்.

#17 பாக்ஸர்_மெல்பர்ன்

அதிலை ஒரு பொறி இருக்கு. எவோவிலை காத்தின்ர வெப்பத்தைப் பார்க்கிற சென்சார் அந்த மீட்டருக்கு உள்ளதான் இருக்கு. மீட்டரைக் கழட்டினா அதுவும் போகும். வேற சென்சார் வாங்கி இண்டர்கூலர் (டர்போக் காத்தைக் குளிர்விக்கிறது) பைப்பிலை பூட்டவேணும். எஞ்சினுக்குக் கிட்டப் பூட்டினா நெரிசலிலை நிக்கேக்க சென்சார் சூடேறி, காத்து உண்மையைவிடச் சூடெண்டு சொல்லும். சூடான காத்து எண்டால் அடர்த்தி குறைவெண்டு பெட்டி பெட்ரோலைக் குறைக்கும். சிக்னல் பச்சையானதும் நீங்கள் மிதிக்க, கார் இருமும். இப்பிடி ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டுறதை விட நான் எண்டால் ஒரேயடியா ஸ்டாண்டலோனுக்குப் போவன். இதிலை நானும் கேலிப் தம்பியும் ஒத்துப்போக மாட்டம்.

#18 தாமான்_எவோ

ஒன்பது வாரம் கழிச்சு வரேன். மன்னிக்கணும், வீட்டுல விஷயம் தெரிஞ்சுபோச்சு.

ஸ்டாக் ஈசியூலயே இருந்துட்டேன். காரணம் பெட்டி இல்ல, ஆள். கேலிப் தம்பி கேக்கச் சொன்ன அதே கேள்விய மூணு வொர்க்‌ஷாப்புலயும் கேட்டேன்: "டைனோ முடிஞ்சதும் காலைல குளிர் ஸ்டார்ட்டுக்கு எத்தனை நாள் காடிய வெச்சுப் பாப்பீங்க?" 12,000 எழுதிக் குடுத்தவர் சிரிச்சார். ரெண்டாவது ஆள் மட்டும் "நாலு நாள் விட்டுட்டுப் போ, உன் பழைய ஃபைலைக் குடு, லோ மேப்பைத் தொட மாட்டேன்"னார். நான் லோ மேப் பத்தி வாயே தொறக்கல. அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

ஸ்பீட் டென்சிட்டி, 4 பார் சென்சார். வெப்ப சென்சாரை இண்டர்கூலர் வெளிவாசல்ல, பம்பர் பக்கமா வெச்சோம். 97 பெட்ரோல்ல சக்கரத்துக்கு 418. 450 வரல. அவர் இன்னும் ரெண்டு டிகிரி தள்ளினா வரும்னார், நான்தான் வேணாம்னேன். ஸ்கூடாய் ஜாம்ல ஐடில் 850-ல நிக்குது, ஏசி விழும்போது மட்டும் ஒரு தடவை குனிஞ்சு எழுந்திரிக்கும்.

செப்பாங்ல போன ஞாயிறு நாலு செஷன் ஓடினேன். நாலு பிளக்கும் கழட்டி வெயில்ல காட்டிப் பாத்தாச்சு. புள்ளி இல்ல.

#19 ஈப்போ_ஜிஎஸ்ஆர்

418-க்கு வாழ்த்து பாஸ். ஸ்டாண்டலோன்ல 450 வந்திருக்கும்.

#20 பாக்ஸர்_மெல்பர்ன்

சந்தோசம். பெட்ரோல் அழுத்த மீட்டர் பூட்டினீங்களோ?

#21 தாமான்_எவோ

...அடுத்த சம்பளம் அண்ணே.

#22 பாக்ஸர்_மெல்பர்ன்

அதுவரைக்கும் செப்பாங் பக்கம் போகாதேங்கோ. பகிடிக்குச் சொல்லேல்லை.

#23 போலோ_பாண்டி

அண்ணே, அந்த ஹீட் ஷீல்டு போல்ட் என்ன சைஸ்? என் வண்டியிலயும் 3,000-ல ஙிண்ங்குது.